பார்க்க ஒன்றுமில்லை என்கிற ஊரில் இரண்டு லிபி இருக்கிறது

கேள்வி கேட்ட பெண்ணுக்குக் கேரள எல்லையோரம், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். இப்போது கோயம்புத்தூரில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு, தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். அவள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: "படம் வரைய வரும், போட்டோஷாப் வரும். ஆனால் எங்க ஊர்ல பார்க்க ஒண்ணும் இல்லை, வேலையும் இல்லை. பின்ட்ரெஸ்ட்டைப் பார்த்துப் பார்த்து எல்லாரும் வரையறதையேதான் நானும் வரையறேன். சென்னை, பெங்களூர் போகாம இதுல ஏதாவது செய்ய முடியுமாண்ணா?"

வேலைக்காக வெளியூர் போக வேண்டி வரலாம். நானும் ஏழு வருஷம் போய்த்தான் வந்தேன், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை என்றாயே அம்மிணி, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் அப்பா போர்டு எழுதிப் பிழைத்தவர். வேலந்தாவளத்திலிருந்து கோவிந்தாபுரம் வரை எல்லையோரக் கடைகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஒரே பலகையில் மேலே மலையாளம், கீழே தமிழ். அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து அப்படியே படமாக வரைந்துவிடுவார். எழுத்தைப் படமாகப் பார்க்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது. டைப்போகிராபி என்று அதற்குப் பெயர் இருப்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும்.

நாளைக்கு பஸ்ஸில் வரும்போது போனைப் பையில் போட்டுவிட்டு வழியில் இருக்கிற கள்ளுக்கடை போர்டுகளைப் பார். கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து, கள்ளு என்று ஒரே சொல், கீழே சின்னதாகக் கடை நம்பர். கேரளத்தில் எந்த மூலைக்குப் போனாலும் இதேதான். எந்த டிசைனரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை, ஆனால் இதைவிடப் பலமான லோகோ இந்த மாநிலத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மலையாளம் படிக்கத் தெரியாத பொள்ளாச்சிக்காரர்கூட நூறு அடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். (அவர் கண்டுபிடிப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது, அதை விடு.)

அடுத்து பழைய சுவர்கள். மூடிக் கிடக்கிற அரிசி மில், பழைய பள்ளிக்கூடம், கோயில் உபயக் கல்வெட்டு எதுவானாலும் சரி, தமிழில் லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை போல வளைந்து எழுதியிருக்கிறதா என்று பார். பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டார், தமிழ்நாட்டு அரசு ஆணை வந்தது 1978-ல். அதனால் தும்பிக்கை இருந்தால் ஒன்று அந்தச் சுவருக்கு வயசு அதிகம், அல்லது எழுதிய கைக்கு வயசு அதிகம். என் அப்பா சாகும்வரை தும்பிக்கையை விடவில்லை. மலையாளத்திலும் இதே கதை உண்டு. தட்டச்சுக்கும் அச்சுக்கும் தோதாக 1971-ல் அங்கே லிபியைத் திருத்தினார்கள். எழுத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த உகரக் குறிகளைப் பிரித்துத் தனியாக நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தக் கட்டாயம் போய், பழைய லிபி மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. ஒரே பஸ் ஸ்டாண்டில் இரண்டு மொழிகளின் நான்கு காலத்து எழுத்துகளைப் பார்க்க முடிகிற ஊர்கள் அதிகம் இல்லை. வாரத்துக்கு ஐந்து படம் எடு, ஊரும் தேதியும் குறித்து வை. ஒரு வருஷத்தில் உன்னிடம் இருக்கிற தொகுப்பு எந்த பின்ட்ரெஸ்ட்டிலும் கிடைக்காது.

இது வெறும் ரசனைக்காக இல்லை, பிழைப்பும் இதில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரி அறிவிப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், தேர்தல் நோட்டீஸ் என்று பாதி வேலை இரண்டு மொழியில்தான் வருகிறது. சரியாகச் செய்கிறவர்கள் கை விரல் விட்டு எண்ணும் அளவுதான். மலையாளிகள் அடித்த நோட்டீஸில் தமிழ், விருந்துக்கு வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்த மாதிரி ஓரத்தில் ஒடுங்கியிருக்கும். தமிழர்கள் அடித்ததில் மலையாளத்துக்கு அதே கதி. இரண்டையும் ஒரே பாயிண்ட் அளவில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. தமிழில் நேர்கோடும் மூலையும் அதிகம், மலையாளம் முழுக்கச் சுழி. தமிழ் வாக்கியம் நீண்டு பக்கவாட்டில் இடம் கேட்கும். மலையாளத்தில் கூட்டெழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி நிற்பதால் வரிக்கு வரி இடைவெளி கேட்கும். இதற்கு ஃபார்முலா எதுவும் கிடையாது. அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரிகிறதா? தெரிந்தால் முடிந்தது.

ஃபான்ட் விஷயத்தில் உன் தலைமுறைக்கு யோகம். ஏக் டைப் என்கிற குழு செய்த பாலூ குடும்பத்தில் தமிழுக்குப் பாலூ தம்பி, மலையாளத்துக்குப் பாலூ சேட்டன் என்று பெயர். நம் ஊர்க்காரர் யாரோ வைத்த மாதிரியே இருக்கும். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் மீரா என்ற மலையாள எழுத்துருவுக்குத் துணையாக மீரா இனிமை என்று தமிழிலும் ஒன்று செய்திருக்கிறார்கள். அவர்களே 2016-ல் வெளியிட்ட மஞ்சரியின் வளைவுகளைப் பெரிதாக்கிப் பார், சுழியை எப்படி எளிமையாக்குவது என்பதற்கு நல்ல பாடம். எல்லாம் இலவசம், திறந்த உரிமம். தமிழையும் மலையாளத்தையும் கூடப் பிறந்தவர்களாகப் பார்த்து எழுத்துரு செய்கிறவர்கள் இன்னும் குறைவுதான். இரண்டையும் தினமும் கண்ணால் பார்த்து வளர்ந்த ஒருத்தி அந்த வேலைக்கு வந்தால் அவளுக்குப் போட்டி யார்?

இங்கே என் வயிற்றெரிச்சல் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதன்முதலாக நானே பொறுப்பேற்றுச் செய்த இருமொழிக் கல்யாணப் பத்திரிகை, ஐந்நூறு பிரதி. மாப்பிள்ளை பெயரின் கடைசியில் மலையாளச் சில்லெழுத்து, அதாவது தனி வடிவம் கொண்ட மெய்யெழுத்து வரும். சில்லெழுத்துகளுக்கு யூனிகோடில் தனி இடம் கிடைத்தது 2008-ல் வந்த 5.1 பதிப்பில்தான். அதற்கு முன் வேறு வழியில் குறியேற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை நான் பழைய சாஃப்ட்வேரில் ஒட்டினேன், சில்லு உடைந்து மேலே சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி அவர்கள் போடும் பிறைக் குறி) போட்ட எழுத்தாகிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. பெண்ணின் அம்மா பார்த்த உடனே கண்டுபிடித்தார். ஐந்நூறும் என் செலவில் மறுபடி அச்சானது. தமிழிலும் இப்படிக் கண்ணி உண்டு, கொம்பும் காலும் இடம் மாறிக் கொ என்பது சிதறிப்போகும். பழைய போட்டோஷாப்பில் டைப் அமைப்புக்குள் போய் வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசர். பழைய டிடிபி கடைகளில் இன்னும் யூனிகோடு இல்லாத பாமினி வகை எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன, அவர்களிடம் கொடுப்பதற்கு முன் எழுத்தை அவுட்லைனாக மாற்றிவிடு. இதைக் கல்லூரியில் சொல்லித்தரவில்லை என்று கோபப்படாதே, எனக்கும் யாரும் சொல்லவில்லை.

இனி படம் வரைகிற பக்கம். தோல்பாவைக்கூத்து பார்த்திருக்கிறாயா? வீட்டிலிருந்து ஷொர்ணூர் வரைக்கும்தான். பாலக்காடு, திருச்சூர், மலப்புரம் மாவட்டங்களில் பகவதி கோயில்களுக்கு வெளியே கூத்துமாடம் என்று நீளமாக ஒரு கட்டடம் இருக்கும், நாற்பத்திரண்டு அடி. திரையின் மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி கறுப்பு. பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்கு வரிசையாக எரியும். தாரிகன் என்ற அசுரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த பத்ரகாளிக்கு ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லையாம், அவளுக்காக ராத்திரி ராத்திரியாக ஆடிக் காட்டுவது இது. ஏழு நாள், பதினாலு நாள், இருபத்தொரு நாள் என்று நடக்கும். பல ராத்திரிகளில் எதிரே ஒரு மனுஷர்கூட இருக்க மாட்டார். அம்மன் பார்க்கிறாள், அது போதும் என்று ஆடுவார்கள். பாடுவது என்ன தெரியுமா? கம்பனின் பாட்டு. தமிழ்ப் பாட்டைப் பாடி மலையாளம் கலந்து உரை சொல்கிறார்கள். ஆடுகிறவர்களுக்குப் பட்டமே புலவர். கூனத்தறையைச் சேர்ந்த கே.கே. ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் குடும்பத்திலிருந்தே பெண்கள் மட்டும் நடத்துகிற குழு ஒன்றும் வந்திருக்கிறது.

டிசைன் படிக்கிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்றால், பாவைகளைக் கிட்டத்தில் போய்ப் பார். முன்பு மான் தோல், இப்போது ஆட்டுத்தோல். உளியால் புள்ளி, கோடு, நெல், பூ என்று துளைத்திருப்பார்கள். திரையில் உருவம் கறுப்பாக விழும், நகையும் மடிப்பும் முகபாவமும் துளை வழியாக வருகிற வெளிச்சத்தில் தெரியும். வரைந்தது பாதி, வெட்டி எடுத்தது பாதி. நெகட்டிவ் ஸ்பேஸ், அதாவது வெற்றிடத்தாலேயே உருவம் காட்டுவது என்று உன் வாத்தியார் ஒரு வாரம் பாடம் எடுப்பதை ஒரு ராவணன் கிரீடம் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். பாவை அசைய வேண்டும் என்பதால் கை தனித்துண்டு, மற்றதெல்லாம் பக்கவாட்டுத் தோற்றம். ஒரு பாத்திரத்துக்கே உட்கார்ந்த பாவை, நின்ற பாவை, சண்டை போடும் பாவை என்று தனித்தனி. கேரக்டர் ஷீட் என்று அனிமேஷன்காரர்கள் சொல்வது இதைத்தான். ஜனவரியிலிருந்து மே வரை சீசன். ஒரு ராத்திரி போ, தூக்கம் வந்தால் கூத்துமாடத்துக்குப் பின்னால் அனுமதி கேட்டு உட்கார்ந்து விளக்குக்கும் தோலுக்கும் நடுவில் கை எப்படிப் போகிறது என்று வரை.

அதே கோயில்களில் தரையில் பொடியால் சாமி உருவம் வரைகிற களமெழுத்து நடக்கிற நாளையும் விசாரித்து வை. அரிசி மாவு வெள்ளை, உமிக்கரி கறுப்பு, மஞ்சள்பொடி, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு, காய்ந்த இலையைப் பொடித்தால் பச்சை. ஐந்தே நிறம். பிரஷ் கிடையாது, விரல் இடுக்கில் பொடி விழுந்தே ஆளுயரத்துக்கு மேல் பகவதி எழுந்து நிற்பாள். பாட்டு முடிந்ததும் அத்தனையையும் அழித்துவிடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நம் பாட்டிமார் காலையில் போட்ட கோலத்தை மத்தியானம் மிதித்துப் போவதை யாரும் கண்டுகொள்வதில்லை, இது அதைவிடக் கொஞ்சம் பெரிய கோலம் என்று பிறகு மனசு சமாதானமானது. ஐந்து நிறத்துக்குள் மட்டும் பத்துப் படம் வரைய உனக்கு நீயே வேலை வைத்துக்கொள். கலர் பிக்கரில் கோடி நிறம் இருப்பதால் வருகிற குழப்பம் அதோடு தீரும்.

மாசியில் நம் பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன்படை. கொங்கு ராஜாவின் சேனை படையெடுத்து வந்ததாகவும் பகவதி அருளால் தோற்று ஓடியதாகவும் கொண்டாடுகிற விழா. அதாவது நம் பக்கத்து ஆட்கள் தோற்றதை நாமே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துப் பொரி வாங்கித் தின்றுவிட்டு வருகிறோம். இதைவிட நல்ல காமிக்ஸ் கரு எங்கே கிடைக்கும்? ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம், இரண்டு தரப்புக் கதையும் நடுப்பக்கத்தில் மோதுகிற மாதிரி ஒரு சின்னப் புத்தகம். நான் இருபது வருஷமாகச் செய்ய நினைத்துச் செய்யாமல் விட்டது. நீ எடுத்துக்கொள்.

அதே சித்தூரில் தெற்கு கிராமத்தில், சோகநாசினி ஆற்றங்கரையில் மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் இருக்கிறது. எழுத்துக்கே அப்பன் என்று ஒரு மொழி கொண்டாடுகிற ஆளின் மடத்திலிருந்து உன் வீடு எத்தனை தூரம் என்று யோசித்துப் பார்.

நம் எல்லைக்காரர்கள் முன்னால் என்ன செய்தார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது 1911-ல், கோயம்புத்தூரில். மலையாளி. மெட்ராஸ் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். அறுபதுகளில் அவர் வரைந்த "சொற்களும் குறியீடுகளும்" என்ற ஓவிய வரிசையைப் பார்த்தால் ஜாதகக் கட்டம், கணக்கு, மலையாள எழுத்து போன்ற கிறுக்கல் எல்லாம் சேர்ந்து ஓவியமாகியிருக்கும். படிக்க முடியாது, ஆனால் எழுத்துதான். என் அப்பா துண்டுச் சீட்டைப் பார்த்து மலையாளம் எழுதியது ஞாபகம் வரும் எனக்கு. திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் அவருக்கென்றே ஒரு காட்சிக்கூடம் உண்டு. மெட்ராஸில் அவர் காலத்தில் படித்தவர்களில் இருவரைச் சொல்கிறேன். ஒருவர் நம்பூதிரி, 2023-ல் மறைந்தார், மாத்ருபூமி வார இதழில் அவர் போட்ட கோட்டோவியங்களைப் பார்த்து மலையாளிகள் கதை படிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்றே சொல்லலாம். இன்னொருவர் ஆதிமூலம், தமிழில் புத்தக அட்டை எழுத்தின் முகத்தையே மாற்றியவர். இருவர் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நம்பூதிரியின் கோடு ஒரே மூச்சில் ஓடும், ஆதிமூலத்தின் கோடு பின்னிப் பின்னி உருவத்தைக் கட்டும். ஒரு மாதம் அவரை நகலெடு, ஒரு மாதம் இவரை. மூன்றாவது மாதம் உன் கை என்ன செய்கிறது என்று தெரியும்.

பாலக்காட்டுப் பக்கம் தஸ்ராக்கில் ஓ.வி. விஜயன் நினைவிடம் இருக்கிறது. எல்லாரும் அவரை நாவலாசிரியராகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள், சோறு போட்டது கார்ட்டூன். அவரைப் போன்ற பலரை வளர்த்தது காயங்குளத்துக்காரர் சங்கர் 1948-ல் தொடங்கி 1975 வரை டெல்லியில் நடத்திய வார இதழ். காயங்குளத்தில் அவர் பெயரில் கார்ட்டூன் மியூசியம் உண்டு.

சரி, கதை போதும், வேலைக்கு வருகிறேன். படக்கதைப் புத்தகம்தான் உனக்கு முதல் கதவு என்று நினைக்கிறேன். சென்னையில் தூலிகா பதிப்பகம் 1996-லிருந்து ஒரே படங்களை வைத்துத் தமிழ், மலையாளம் உட்படப் பல மொழிகளில் குழந்தைப் புத்தகம் போடுகிறது. தாரா புக்ஸ் கையால் ஸ்கிரீன் அச்சடித்த புத்தகங்களுக்குப் பேர்போனது, அச்சும் வடிவமைப்பும் எப்படி ஒன்றாக யோசிக்கப்படுகின்றன என்று பார்க்க ஒரு தடவை திருவான்மியூருக்குப் போய்வா. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கும். எழுதியவர் பெயரைப் போட்டுவிட்டு அந்தக் கதைக்கு நீயே புதிதாகப் படம் வரையலாம், மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தும் வெளியிடலாம். யாரும் வேலை கொடுக்கும்வரை காத்திருக்காமல் முழுப் புத்தகம் ஒன்றைப் போர்ட்ஃபோலியோவில் சேர்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

அரசாங்க வேலையைக் குறைவாக நினைக்காதே. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்று இதழ்கள் நடத்துகிறது. வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன, அத்தனைக்கும் படம் வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் கேரள பாலசாகித்திய இன்ஸ்டிட்யூட்டின் தளிர், சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் யுரேகா. கேரள எஸ்சிஇஆர்டி தமிழ் மீடியப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பாடநூல் போடுகிறது. நீ படித்ததே அதைத்தானே, அதில் எந்தப் படம் பிடித்தது, எது புரியாமல் படுத்தியது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? நாலு பக்கம் எடுத்து உன் விருப்பப்படி மறுபடி வடிவமைத்துக் காட்டு.

2019-ல் கேரளத்தில் பிவிசி ஃபிளெக்ஸுக்குத் தடை வந்த பிறகு துணி பேனரையும் சுவரெழுத்தையும் மறுபடி கேட்கத் தொடங்கினார்கள். தேர்தல் சமயத்தில் சித்தூர்ப் பக்கச் சுவரில் தமிழும் வேண்டும். எதிர்த்திசையிலும் நடந்தது. டூரிஸ்ட் பஸ்ஸில் ராட்சதப் படம் வரைந்து பிழைத்த எத்தனையோ பேருக்கு, 2022-ல் வடக்கஞ்சேரி விபத்துக்குப் பிறகு எல்லா பஸ்ஸும் வெள்ளைதான் என்று விதியை இறுக்கியதும் வேலை போனது. அதனால் ஒரே சரக்கை நம்பாதே என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கொச்சி முசிரிஸ் பினாலே என்கிற சர்வதேசக் கலைக் கண்காட்சி 2012 டிசம்பர் 12-ல் தொடங்கியது, அதோடு மாணவர்களுக்கான தனிப் பினாலேயும் நடக்கிறது. பாலக்காட்டிலிருந்து காலை ரயிலில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மாணவர்கள் செய்து வைத்திருப்பதைப் பார்த்தால், இதை நானும் செய்வேனே என்று பாதி இடத்தில் தோன்றும், மீதிப் பாதியில் வாயடைத்து நிற்பாய். இரண்டும் தேவை. போகிற வழியிலேயே மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியத்தையும் பார்த்துவிடு. மத்திய பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு இரண்டு வருஷம் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிற திட்டம் ஒன்று உண்டு, காட்சிக் கலையும் அதில் அடக்கம். இத்தாலியில் போலோன்யா குழந்தைப் புத்தகச் சந்தையின் ஓவியர் கண்காட்சிக்கு ஐந்து படம் கொண்ட ஒரு தொடர் அனுப்பினால் போதும், புத்தகம் வெளிவந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தேர்வாகாமல் போகலாம், எனக்கும் ஆகவில்லை. ஆனால் ஐந்து படத்தை ஒரே கையாகக் கொண்டுவரப் படுகிற பாடு வேறு எதிலும் வராது.

மேலே படிக்க ஆசை இருந்தால் டிசைன் மேற்படிப்புக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுது, மூன்று வருஷப் பட்டத்தின் கடைசி ஆண்டிலேயே எழுதலாம். அக்டோபரில் விண்ணப்பம், ஜனவரியில் தேர்வு. மும்பை ஐஐடியின் டிசைன் பள்ளியான ஐடிசி எழுத்து வடிவம் படிக்க நல்ல இடம். தேசிய டிசைன் கல்வி நிறுவனமான என்ஐடிக்குத் (NID) தனித் தேர்வு. அத்தனை செலவு முடியாது என்றால் கொல்லம் சந்தனத்தோப்பில் கேரள அரசின் டிசைன் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. படிப்புக்காகக் கடன் வாங்குவதற்கு முன் ஒரு வருஷம் வேலை செய்து பார் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஒரு காலண்டருக்கு நான் வரைந்து கொடுத்த காவடிப் படத்தை அந்த அச்சகம் அடுத்த மூன்று வருஷம் வெவ்வேறு கடைகளுக்கு அடித்து விற்றது. போய்க் கேட்டால், "காசு குடுத்தாச்சில்ல?" என்றார்கள். என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. 1957-ன் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு வரைந்த ஓவியம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கேட்டவருக்கே சொந்தமாகிவிடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் வாட்ஸ்அப்பில் பேசி முடித்தாலும் ஒரு மெயிலில் எழுது: எதற்காக வரைகிறேன், எத்தனை பிரதி, எத்தனை வருஷம், எத்தனை தடவை திருத்தித் தருவேன், முன்பணம் எவ்வளவு. பாதிப் பணம் வராமல் பென்சிலைத் தொடாதே. சொந்தக்காரர் கல்யாணம் என்றால் ஓசியில் செய், அதை மொய்யில் எழுதிக்கொள்.

போர்ட்ஃபோலியோவில் ஐம்பது வேண்டாம், பத்து போதும். தெரிந்த கார்ட்டூன் பாத்திரங்களை வரைந்ததெல்லாம் எடுத்துவிடு. கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு இருமொழியில் ஒரு வழித்தடப் பலகை, கள்ளுக்கடை போர்டை வைத்து ஒரு எழுத்து ஆராய்ச்சி, கூத்துமாடத்தில் உட்கார்ந்து வரைந்த பக்கங்கள் (அழுக்கோடு அப்படியே), கொங்கன்படைப் புத்தகத்தின் முதல் எட்டுப் பக்கம், இவ்வளவு இருந்தாலே சென்னையில் இருக்கிற ஆள் நிமிர்ந்து உட்காருவார். முடித்ததும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அனுப்புவதற்கு முன் மலையாளச் சில்லெழுத்தை மட்டும் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் ஒரு தடவை காட்டிவிடு.